விழுங்காமல் ஒயின் கற்பது

செப்டம்பர் 9, திங்கள்

புது நோட்டு. பன்னிரண்டாவது. பழைய நோட்டில் கடைசி நாற்பது பக்கமும் ‘இன்று ஒன்றுமில்லை’ என்ற ஒரே வரிதான். தினமும் ஏதாவது எழுதுங்கள், ஒரு வரி போதும் என்று டாக்டர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. எதற்காகச் சொன்னார் என்று இங்கே எழுதத் தேவையில்லை. படிக்கப்போவது நான் ஒருவன்தான், எனக்குத் தெரியும்.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. எங்கள் ஹோட்டலின் சைவ உணவகத்தை மூடுகிறார்கள். அங்கே நான் சீனியர் கேப்டன். வருகிறவர்களை உட்காரவைத்து, ஆர்டர் எடுத்து, பரிமாறுகிறவர்களை விரட்டுகிற வேலை. ஹோட்டலில் மது பரிமாறாத ஒரே இடம் அதுதான். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம். இனி அங்கே ஒயின் உணவகம் வரப்போகிறது.

மேனேஜர் அருள்தாஸ் சார் கூப்பிட்டுச் சொன்னார். ஆறு வாரம் வகுப்பு, பிறகு பரீட்சை. தேறினால் அங்கேயே கேப்டன்.

“தேறலைன்னா சார்?”

“பாக்கலாம்.”

பார்க்கலாம் என்றால் ஹோட்டல் பாஷையில் என்ன அர்த்தம் என்று பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும்.

அஞ்சுகத்திடம் சொல்லவில்லை. முகூர்த்த மாதம் முடிவதற்குள் தைக்க வேண்டிய ரவிக்கைகள் நிறைய வைத்திருக்கிறாள். எதற்குத் தொந்தரவு.

செப்டம்பர் 12, வியாழன்

முதல் வகுப்பு. மதியம் மூன்றரை முதல் ஐந்து வரை. சொல்லித்தருபவர் கிளாரிஸ் மேடம், பாண்டிச்சேரிக்காரர், அறுபது வயது இருக்கும். காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற கடிகாரம். மொத்தம் ஏழு பேர் படிக்கிறோம். மற்ற ஆறு பேரில் என் வயதுக்காரர் யாரும் இல்லை. பக்கத்தில் ஜெனிலா உட்கார்ந்தாள். மார்த்தாண்டம் பெண், இருபத்தேழு வயது, காபி ஷாப்பில் கேப்டன்.

முதலில் பார்க்க வேண்டும். பிறகு கிளாஸைச் சுழற்ற வேண்டும். பிறகு முகர வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் உருட்டி, துப்ப வேண்டும். துப்புவதற்கு ஆளுக்கொரு எவர்சில்வர் வாளி வைத்திருந்தார்கள்.

“துப்புறதுக்கு வெக்கப்படாதீங்க. இந்தத் தொழில்ல துப்பத் தெரியாதவங்க நாலு மணிக்கே தூங்கிடுவாங்க” என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முகர்வது வரைக்கும் செய்தேன். பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. அஞ்சுகம் கதவைத் திறந்தாள். எப்போதும்போல ஒரு நொடி பக்கத்தில் நின்றாள். பிறகு வழி விட்டாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான் கதவைத் திறக்கிறாள். சிலருக்குச் சில பழக்கம்.

செப்டம்பர் 13

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மற்றபடி ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் ஒரு மாதத்துக்குக் கிடையாது. ஹோட்டலில் இன்று நான்கு வகை ஒயின்.

மேடம் ஒவ்வொரு கிளாஸாகக் கொடுத்து என்ன வாசம் வருகிறது என்று கேட்டார். புத்தகத்தில் இருந்த பழங்களின் பெயர்களையெல்லாம் எல்லோரும் சொன்னார்கள். அதில் பாதிப் பழங்களை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மூன்றாவது கிளாஸ் ஜெர்மனியிலிருந்து வந்த வெள்ளை ஒயின். முகர்ந்ததும் எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

“தணிகாசலம், உங்களுக்கு என்ன வருது?”

“மண்ணெண்ணெய் மேடம்.”

வகுப்பே சிரித்தது. ஜெனிலா டேபிளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“எந்த மண்ணெண்ணெய்?”

“ரேஷன் கடை மண்ணெண்ணெய். கேன்ல ஊத்தி மூடி வச்சு, மறுநாள் திறந்தா வரும் பாருங்க, அது.”

மேடம் சிரிக்கவில்லை. “சரியான பதில்” என்றார். இந்த ஒயின் பழசாக ஆக அந்த வாசம்தான் வருமாம். அதற்குத்தான் விலையாம். “புத்தகத்துல இருக்கறதைச் சொல்லாதீங்க. இவர் மாதிரி மூக்குல இருக்கறதைச் சொல்லுங்க” என்றார்.

நாற்பத்தேழு வயதில் வகுப்பில் பாராட்டு வாங்கினேன். எட்டாவது படிக்கும்போது கூட வாங்கியதில்லை.

பல் வலி இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மூக்குக்குப் பயிற்சி வேண்டும் என்று மேடம் சொன்னார். என் மகள் பிருந்தா பதினொன்றாவது படிக்கிறாள். அவளிடம் என் கண்ணைக் கட்டச் சொல்லி, அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக மூக்கருகில் காட்டச் சொன்னேன். மிளகு, கிராம்பு, பட்டை, ஏலக்காய், சோம்பு எல்லாம் சொன்னேன். பிறகு அவள் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவர ஆரம்பித்தாள். அழிரப்பர், கற்பூரம், செருப்பு, அவள் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய். அனைத்தும் சரி.

“அப்பா, நீங்க போலீஸ் நாய் வேலைக்குப் போயிருக்கலாம்.”

அஞ்சுகம் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். “எதுக்குங்க இதெல்லாம்?”

“புது மெனு வருது. மசாலா எல்லாம் தெரிஞ்சிருக்கணுமாம்.”

அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள். வீட்டில் இப்படிச் சத்தமாகச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று தோன்றியது.

செப்டம்பர் 26, வியாழன்

இன்று ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

நேற்று எழுதியது சரியில்லை. அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை, இங்கேயே எழுதுகிறேன்.

நேற்றைக்கு சிவப்பு ஒயின். பல் வலி பதினைந்து நாளைக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அனுப்புவார்கள். அதனால் ஒரு வாய் எடுத்தேன். நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு எல்லாம் இழுத்துப் பிடித்தாற்போல் ஆனது.

“இந்த இழுப்புக்கு வெள்ளைக்காரன் ஒரு பேர் வச்சிருக்கான். நமக்குக் கவலை இல்லை, துவர்ப்புன்னு ஒரு சுவையே இருக்கு” என்றார் மேடம். “பிஞ்சு வாழைக்காயைக் கடிச்ச மாதிரி இல்லை?”

இருந்தது. துப்பினேன். எல்லாம் துப்பினேன். ஒரு ஸ்பூன் அளவு தொண்டையில் இறங்கிவிட்டது. வாயில் எடுத்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இது மேடமே சொன்னது.

வேறொன்றுமில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. ஒரு பாட்டிலும் திறக்கக் கூடாது. உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி, எந்த நாட்டில் எந்தத் திராட்சை என்று பாடம் நடத்தினார்கள். போர்ச்சுகலும் ஸ்பெயினும் எனக்குக் குழம்புகின்றன. ஒன்றரை மணி நேரமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூகோளம் எனக்கு எப்போதுமே பிடிக்காது.

அக்டோபர் 4

இரண்டு ஸ்பூன் இருக்கும். தவறுதலாகத்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

வகுப்பு முடிந்து பாட்டில்களை ஸ்டோருக்கு எடுத்துப்போக ஆள் இல்லை. நான் எடுத்துப்போகிறேன் என்றேன்.

“நீங்க எதுக்கு அண்ணா? நான் கொண்டு போறேன், தாருங்க” என்றாள் ஜெனிலா.

“நீ போம்மா. உனக்கு ஷிஃப்ட் இருக்கு.”

ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது, நாற்காலிகளுக்குப் போடும் துணி உறைகள் அடுக்கும் இடம். ஒரு பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. திறந்த ஒயின் கெட்டுப்போகும் என்பதும் பாடத்தில் வந்ததுதான்.

ஒரு கிளாஸ்.

மிளகு, நாவல்பழம், மழை விழுந்த மண். சரியாகக் கண்டுபிடித்தேன். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் மேடம் சந்தோஷப்பட்டிருப்பார்.

எங்கள் வீடு இருக்கும் அம்பத்தூருக்கு முந்திய ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்தேன். வழியில் பீடா வாங்கினேன், ஒன்று போட்டுக்கொண்டு ஒன்று கையில். அஞ்சுகம் கதவைத் திறந்தாள். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதையும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 9

இன்று ஒன்றுமில்லை. நிஜமாகவே.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அஞ்சுகம் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள். நான் பிருந்தாவின் புத்தகங்களை அடுக்கினேன். மூன்று நாளாக அஞ்சுகம் சரியாகச் சாப்பிடவில்லை. வாயுத் தொல்லை என்கிறாள். ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் ஜன்னலில் வைத்திருந்தாள்.

பொங்கல் கொஞ்சம் குழைந்துவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

ஆதார் அட்டையைத் தேடி பீரோவைத் திறந்தேன். பிருந்தாவின் சர்டிஃபிகேட் ஃபைல் அங்கே இல்லை. பத்தாவது மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ் எல்லாம் உள்ள பச்சை ஃபைல். அஞ்சுகத்தின் கம்மல் டப்பாவும் இல்லை. கேட்டேன்.

“ஃபைலை யோகிதா வீட்ல வச்சிருக்கேன்பா. புராஜெக்ட்” என்றாள் பிருந்தா. யோகிதா அவளோடு படிக்கிற பெண்.

“என்ன புராஜெக்ட்டுக்கு ஜாதிச் சான்றிதழ்?”

“சும்மாப்பா.”

கம்மலைப் பற்றி அஞ்சுகத்திடம் கேட்கவில்லை. பாலிஷ் போடக் கொடுத்திருப்பாள்.

அக்டோபர் 17, வியாழன்

இன்றைக்கும் பாட்டில்களை எடுத்துப்போகிறேன் என்று சொல்லிக் கையிலும் எடுத்துவிட்டேன். அந்த அறை வரை போனேன். உறைகளின் மேல் பாட்டில்களை வைத்துவிட்டு நின்றேன்.

அந்தப் பச்சை ஃபைல் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் வீட்டில் இருந்த பேப்பர்களையெல்லாம் வாசலில் போட்டு ஒருவன் கொளுத்தினான். அஞ்சுகத்தின் பன்னிரண்டாவது மார்க் ஷீட் அதில் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வைத்திருந்தது. அதனால்தான் அவள் ரவிக்கை தைக்கிறாள். அப்போது பிருந்தாவுக்கு ஏழு வயது, பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொளுத்தியவன் யார் என்று நான் இந்தப் பன்னிரண்டு நோட்டில் எதிலும் எழுதவில்லை. தணிகாசலம்.

பாட்டில்களை ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். ரயிலில் நேராக வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் பிருந்தா டியூஷன் போனாள். அஞ்சுகம் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஓடும்போது சொன்னால் பாதி காதில் விழாது என்று நினைத்து ஆரம்பித்தேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டாள்.

வகுப்பைப் பற்றிச் சொன்னேன். சைவ உணவகம் மூடுவதைச் சொன்னேன். அந்த அறையைச் சொன்னேன்.

“எவ்வளவு?” என்றாள்.

“ஒரு கிளாஸ். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கொஞ்சம் கொஞ்சம்.”

“அந்த செவ்வாக்கிழமைதானே? பீடா போட்டுட்டு வந்தது.”

“ஆமா.”

கையில் இருந்த மாவைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்தாள். ரொம்ப நேரம் வழித்தாள்.

“நல்லா இருந்துச்சா?”

இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. டாக்டர்கூடக் கேட்டதில்லை.

“நல்லா இருந்துச்சு” என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல்தான். புறங்கையால் கண்ணைத் துடைக்க, நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டது.

“இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இன்னைக்கே பிருந்தாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன். பன்னெண்டு நாளா நீங்க சொல்வீங்களா மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். என்னால முடியலைங்க இனிமே.”

“வேலையை விட்டுடட்டுமா?”

“விட்டுட்டு என்ன பண்ணுவீங்க, வீட்ல உக்காந்து என் மூஞ்சியைப் பாப்பீங்களா? டாக்டரைப் போய்ப் பாருங்க. அப்புறம் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, குடிக்க மாட்டேன்னு. வேலை போனா போவட்டும்.”

பிறகு கிரைண்டரைப் போட்டாள். உப்பு போட்டுக் கரைக்கச் சொன்னாள். கரைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

டாக்டரிடம் போனேன். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒன்பது வருஷக் கணக்கு அழிந்துவிட்டதா என்று கேட்டேன். “அந்த ஒன்பது வருஷத்தை நீங்க வாழ்ந்துட்டீங்க, அதை யார் அழிக்கறது? ஆனா இன்னைக்கு முதல் நாள்” என்றார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குடியை விட்டவர்கள் கூட்டத்துக்கு வரச் சொன்னார். ஹோட்டலில் வாரவிடுப்பைத் திங்களுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

நாளை பரீட்சை. கிளாரிஸ் மேடத்திடம் சொன்னேன். பல் வலி பொய் என்பதையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

“சுவைச்சு எழுதறதுக்கு முப்பது மார்க். அது உங்களுக்குக் கிடைக்காது.”

“தெரியும் மேடம்.”

“பாஸ் மார்க் எழுபது.”

“தெரியும் மேடம்.”

“அப்ப மீதி எழுபதுலயும் ஒண்ணுகூடத் தப்பாம எழுதணும்.”

“ஆமா மேடம்.”

“சலுகை எதுவும் தர முடியாது என்னால.”

“கேக்கலை மேடம். தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்.”

எழுந்து போகும்போது வாளியை என் இடத்திலிருந்து அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 24, வியாழன்

பரீட்சை. ஐந்து கிளாஸ். நிறம் பார்த்தேன், முகர்ந்தேன், எழுதினேன். மற்றவர்கள் உறிஞ்சித் துப்பும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மூன்றாவது கிளாஸ் அதே மிளகு, அதே நாவல்பழம். அதை மட்டும் சீக்கிரமாக எழுதிவிட்டுத் தள்ளி வைத்தேன். எழுத்து கோணலாக வந்தது, படிக்கும்படிதான் இருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

அறுபத்தெட்டு.

முகர்ந்து எழுதிய ஐந்துக்கும் முழு மார்க். பாடத்தில் ஒரு கேள்விக்கு ஸ்பெயின் என்று எழுத வேண்டிய இடத்தில் போர்ச்சுகல் என்று எழுதிவிட்டேன். இரண்டு மார்க்.

ஜெனிலாவுக்குத் தொண்ணூற்றொன்று. அவள்தான் ஒயின் உணவகத்துக்குக் கேப்டன். என்னை காபி ஷாப்பில் காலைப் பலகாரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். காலை ஆறு முதல் மூன்று வரை. ‘பார்க்கலாம்’ இதைவிட மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அருள்தாஸ் சாரிடம் மேடம் ஏதாவது பேசியிருப்பாரா என்று தெரியாது. கேட்கவில்லை.

கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். அஞ்சுகத்திடம் மார்க்கைச் சொன்னேன்.

“ஸ்பெயின் எங்க இருக்கு?” என்றாள்.

“போர்ச்சுகல் பக்கத்துல.”

“அப்ப தப்பு வர்றது சகஜம்தான்” என்றாள். பச்சை ஃபைல் இன்னும் யோகிதா வீட்டில்தான் இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. ஐந்து மணிக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். இருநூற்றுப் பத்து ஆம்லெட்.

நவம்பர் 6, புதன்

மதியம் கிளம்பும் நேரத்தில் ஜெனிலா ஓடிவந்தாள். “அண்ணா, ஒரு நிமிஷம் வாருங்க. ஒரு கெஸ்ட்டு பாட்டில் கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புதாரு. எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

முகர்ந்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. தக்கை கெட்டால் வரும் வாசம்.

“அவர் சொல்றது சரி. மாத்திக் குடு.”

“குடிச்சுப் பாத்தும் எனக்குத் தெரியல்லியே!” என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் விஷயம் தெரியும் போலிருக்கிறது. பரவாயில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

அஞ்சுகத்தின் அண்ணன் ஏகாம்பரம் திருநின்றவூரில் வீடு கட்டியிருக்கிறார். இன்று கிரகப்பிரவேசம். ஒன்பது வருஷமாக அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. அவர்கள் அஞ்சுகத்தைத்தான் கூப்பிடுவார்கள், நானும் வேலை என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை பத்திரிகையில் என் பெயரும் எழுதியிருந்தது. போனேன்.

ஹோமப் புகை அடங்கியதும், பந்திக்கு முன்னால் ஆண்கள் ஒவ்வொருவராக மாடிக்குப் போனார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். கீழேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் மேலே ஏதோ தட்டும் சத்தம். பிறகு ஏகாம்பரம் படியில் பாதி இறங்கி வந்து, சொல்லத் தயங்கி நின்றார்.

“மச்சான், தப்பா நினைச்சுக்காத. மருமவன் பெங்களூர்லேர்ந்து ஒயின் ஒண்ணு வாங்கியாந்தாரு. தக்கையைக் கழட்டத் தெரியாம ஸ்குரூ டிரைவரால குத்திக்கிட்டு இருக்கானுங்க. நீ ஹோட்டல்ல... உன்னைக் கூப்பிடக் கூடாதுதான்...”

போனேன். தக்கை பாதி சிதைந்திருந்தது. மாடி மூலையில் தச்சர் விட்டுப்போன ஆணிகளும் சுத்தியலும் இருந்தன. நீளமான மரை ஆணி ஒன்றைத் துடைத்து, தக்கையில் மெதுவாகத் திருகி, சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினேன். மீதித் தக்கை முழுசாக வந்தது. மருமகன் கைதட்டினார். பிளாஸ்டிக் டம்ளர்களில் எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றினேன். கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளரை மட்டும் மூக்கருகே கொண்டுபோனேன்.

அப்போது அஞ்சுகம் மாடிக்கு வந்தாள். கையில் வடைத் தட்டு. ஏகாம்பரம் தன் டம்ளரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார்.

“என்ன பண்றீங்க?”

“தக்கை வரலைன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். மோந்து பாத்தேன்.”

“என்ன வாசம்?”

“நாவல்பழம். லேசா ஏலக்காய்.”

தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். கீழே கொட்டிவிடுவாள் என்று நினைத்து மருமகன் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் டம்ளரை மூக்கின் கீழே வைத்து, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தாள். நான் அவளுக்குச் சொல்லித் தரவேயில்லை. சரியாகத்தான் செய்தாள்.

“நாவல்பழமா? எனக்கு எறும்பு வாசம்தான் வருது. கட்டெறும்பை நசுக்கினா வருமே, அது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் டம்ளரை வாங்கி மறுபடியும் முகர்ந்தேன். நாவல்பழம், ஏலக்காய், அதற்கும் அடியில், ஆமாம், கட்டெறும்பு. நான் தவறவிட்டிருந்தேன்.

“இருக்கு” என்றேன்.

டம்ளரை அவளுடைய அண்ணனிடம் கொடுத்துவிட்டு, வடைத் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். முதல் பந்தியில் இடம் பிடிக்க வேண்டும் என்று அவள் முன்னால் இறங்கினாள்.